65 வயதில் தொடங்கியதல்ல அந்த எழுத்து

லாரா இங்கல்ஸ் வைல்டரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது: அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கோழி வளர்த்து, வெண்ணெய் எடுத்து, ஆப்பிள் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு விவசாயியின் மனைவி, 65 வயதில் முதன்முதலாக எழுத உட்கார்ந்து உலகப் புகழ்பெற்ற குழந்தை எழுத்தாளர் ஆகிவிட்டார். முதல் நூலான 'லிட்டில் ஹவுஸ் இன் த பிக் வுட்ஸ்' 1932-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 65 என்பது உண்மை. அவர் எழுத்தும் அப்போதுதான் தொடங்கியது என்பது உண்மையல்ல. வயதான பிறகும் சாதிக்கலாம் என்று ஊக்கம் தருவதற்காகச் சொல்லப்படும் இந்தக் கதை, இருபதாண்டு உழைப்பை ஒரே வரியில் அழித்துவிடுகிறது. அந்த உழைப்புக்கு இடம் கொடுத்தது எது என்ற கேள்வியும் அதோடு சேர்ந்து மறைந்துபோகிறது.

விஸ்கான்சின் மாநிலத்தில் பெப்பின் என்ற ஊருக்கு அருகே 1867-இல் பிறந்த லாரா, 1957-இல் 90 வயது நிறைந்த மூன்றாம் நாள் மிசூரியின் மான்ஸ்ஃபீல்டில் காலமானார். 1885-இல் அல்மான்ஸோ வைல்டரை மணந்தார். அடுத்த சில ஆண்டுகளில் அவர்கள் படாத பாடில்லை. தம்பதியர் இருவரையும் டிப்தீரியா தாக்கியது. கணவரின் கால்கள் அதன்பின் பழைய பலத்துக்குத் திரும்பவே இல்லை. ஆண் குழந்தை பிறந்த சில வாரங்களில் இறந்தது. வீடு தீப்பிடித்தது. வறட்சி விளைச்சலைத் தின்றது, கடன் ஏறியது. 1894-இல், அப்போது வாழ்ந்துவந்த டகோட்டாவை விட்டுக் கிளம்பி மான்ஸ்ஃபீல்டுக்கு வந்து, கல்லும் மேடுமான 40 ஏக்கரை வாங்கினார்கள். அதுதான் ராக்கி ரிட்ஜ் பண்ணை. ஆப்பிள் கன்று காய்க்க ஆண்டுகள் ஆகும். அதுவரை குடும்பத்தைத் தாங்கிய வரவுகளில் லாராவின் கோழிகள் இட்ட முட்டையும் உண்டு.

அந்தக் கோழிகள்தான் அவரைப் பத்திரிகைக்கும் கொண்டுபோயின. லெகார்ன் கோழிகளை நன்றாக வளர்ப்பவர் என்று பெயரெடுத்த அவரது விவரம் தெரிந்த பேச்சு, 'மிசூரி ரூரலிஸ்ட்' என்ற விவசாய இதழின் கவனத்துக்கு வந்தது. 1911-இல் அதில் முதல் கட்டுரை. அங்கிருந்து 1920-களின் நடுப்பகுதி வரை அந்த இதழில் தொடர்ந்து எழுதினார். கோழித் தீவனம், வீட்டு வரவு செலவு, அண்டை வீட்டாரோடு பழகும் முறை, போர்க்காலச் சிக்கனம் என்று எல்லாம் அதில் வந்தன. பண்ணை வீட்டுப் பெண் கணவனுக்கு உதவியாள் அல்ல, அந்தத் தொழிலில் சம பங்காளி என்று அவர் திரும்பத் திரும்ப வாதிட்டார். ஆனால் அச்சில் அவர் பெயர் 'திருமதி ஏ.ஜே. வைல்டர்' என்றுதான் வந்தது. கணவரின் முதலெழுத்துகளுக்குப் பின்னால் நின்றுதான் அவரால் அதை எழுத முடிந்தது. இதே காலத்தில் உள்ளூர் விவசாயக் கடன் சங்கத்தின் செயலர், பொருளாளர் பொறுப்பையும் பார்த்து, நிலத்தை அடகு வைக்க வந்தவர்களின் மனுக்களைச் சரிபார்த்தார். அந்தக் கட்டுரைகள் தொகுக்கப்பட்டு 2007-இல் மிசூரி பல்கலைக்கழகப் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டன. அவற்றைப் படிக்கும் எவரும் இவர் திடீரென்று எழுத வந்தவர் என்று சொல்லமாட்டார்கள்.

அவரது நாவல்களின் பலம் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்ட 'த லாங் வின்டர்' என்ற நாவலே போதும். 1880-81 குளிர்காலத்தில் ரயில் வராமல் ஊரே பட்டினியின் விளிம்பில் நிற்கிறது. நிலக்கரி தீர்ந்ததும், காய்ந்த புல்லைக் கை கன்றிப்போகும்வரை இறுக முறுக்கி, மடித்து முடிச்சிட்டு விறகுக்குப் பதிலாக அடுப்பில் வைக்கிறார்கள். கோதுமையைக் காபிக்கொட்டை அரைக்கும் கைமில்லில் போட்டு ஆள் மாற்றி ஆள் சுற்றுகிறார்கள். நாள் முழுக்க அரைத்தாலும் அன்றைய ரொட்டிக்குத்தான் காணும். ஒரு வேலையை எந்த வரிசையில் செய்வது, எங்கே கை வலிக்கும், எவ்வளவு மிஞ்சும் என்று துல்லியமாகச் சொல்லும் இந்தப் பழக்கம், முட்டைக் கணக்கை வாசகருக்குப் புரியவைத்த கட்டுரைகளில் உருவானது. பார்வை இழந்த அக்கா மேரிக்குச் சிறுவயதில் கண்டதையெல்லாம் வாய்வழியே விவரித்ததும் அதற்கு முந்தைய பயிற்சி.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: நூல்களை உண்மையில் எழுதியவர் மகள் ரோஸ் வைல்டர் லேன் என்பது. ரோஸ் பெயர்பெற்ற எழுத்தாளர். வில்லியம் ஹோல்ட்ஸ் 1993-இல் ஒரு முழு நூலிலேயே இதை வாதிட்டார். ரோஸின் பங்கு பெரியது. அதைக் குறைத்துச் சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம். காட்சிகளை மாற்றி அடுக்கினார், உரையாடலைச் செதுக்கினார், பதிப்பாளர்களைப் பிடித்தார். ஆனால் லாரா பள்ளிக்கூட நோட்டுகளில் பென்சிலால் எழுதிய கைப்பிரதிகள் இருக்கின்றன. இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களும் இருக்கின்றன. மேரியின் பார்வையிழப்பு கதையில் வரத்தான் வேண்டும் என்று தாய் அவற்றில் விட்டுக்கொடுக்காமல் நிற்கிறார். அவரது தன்வரலாறான 'பயனியர் கேர்ள்' 1930-இல் எழுதப்பட்டு, பதிப்பாளர்களால் நிராகரிக்கப்பட்டு, 2014-இல்தான் விரிவான குறிப்புகளோடு அச்சேறியது. பின்னர் நாவல்களில் வந்த நிகழ்வுகள் பலவும் அதில் ஏற்கெனவே உள்ளன. நல்ல பதிப்பாசிரியர் கிடைத்ததால் ஒருவர் எழுத்தாளர் அல்லாமல் போய்விடமாட்டார்.

இன்னொரு குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. 'லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி' காட்டும் கான்சஸ் வீடு ஓசேஜ் பழங்குடியினருக்குச் சொந்தமான நிலத்தில், உரிமையில்லாமல் கட்டப்பட்டது. அந்த நூலின் முதல் பதிப்பு, அங்கே மனிதர்களே இல்லை, இந்தியர்கள் மட்டுமே இருந்தார்கள் என்ற பொருளில் எழுதியது. வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டிய பின்னரே, லாராவின் சம்மதத்தோடு 1953-இல் அது திருத்தப்பட்டது. 2018-இல் அமெரிக்க நூலகர்களின் குழந்தை நூலகச் சேவை அமைப்பு, தன் விருதிலிருந்து அவர் பெயரை நீக்கியது. அந்த முடிவு நியாயமானது என்றே நினைக்கிறேன். விருதின் பெயர் என்பது எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான மரியாதை. தன் முன்னோரை மனிதராக எண்ணாத வரியைப் படித்த ஓசேஜ் குழந்தையிடம் அந்த மரியாதையைக் கேட்க முடியாது. ஆனால், அவர் எப்படி எழுத்தாளர் ஆனார் என்ற கேள்விக்கு இது பதிலாகாது. வைல்டரின் வாழ்க்கையை எழுதி 2018-இல் புலிட்சர் பரிசு பெற்ற கரோலின் ஃப்ரேசரின் 'ப்ரெய்ரி ஃபயர்ஸ்', அவரது குறைகளையும் திறமையையும் ஒரே நூலில் மறைக்காமல் வைத்திருக்கிறது.

மகளின் உதவி இல்லாவிட்டால் லாராவின் எழுத்து எப்படி இருந்திருக்கும் என்று அறிய விரும்புபவர்கள் 'த ஃபர்ஸ்ட் ஃபோர் இயர்ஸ்' நூலைப் படிக்கலாம். லாரா இறந்து, 1968-இல் ரோஸும் இறந்த பிறகு, 1971-இல் ஏறக்குறைய கைப்பிரதியில் இருந்தபடியே வெளிவந்தது அது. மற்ற நூல்களின் மெருகு அதில் இல்லை. அத்தியாயங்கள் சில இடங்களில் தடுமாறுகின்றன. ஆனால் அறுவடைக்கு நின்ற கோதுமையை ஆலங்கட்டி மழை அழிப்பதையும், இயந்திரங்களுக்கு வாங்கிய கடன் அப்படியே நிற்பதையும் அவர் எந்தச் சமாதானமும் சொல்லாமல் எழுதிச் செல்கிறார். வரவு எவ்வளவு, கடன் எவ்வளவு என்று அதில் அவர் போடும் கணக்கும், விவசாய இதழில் அவர் எழுதிய கட்டுரைகளின் கணக்கும் ஒரே கையின் வேலை.