உப்புக்காற்றில் நிற்கும் வீடுகள்

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் புதுச்சேரி வந்துவிடும். வார இறுதியில் இந்த வழியாகப் போகிறவர்களில் பெரும்பாலோர் டூமா வீதி, ரோமன் ரோலண்டு வீதி என்று கடலோரத் தெருக்களில் மஞ்சள் சுவருக்கும் காகிதப்பூக் கொடிக்கும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தெருக்கள் அழகுதான். ஆனால் பிரெஞ்சுப் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலைக் கடந்து மேற்கே வராதவர்கள் ஊரில் பாதியைப் பார்க்கவில்லை என்பேன்.

கடலோரத்துப் பிரெஞ்சு வீடுகள் அநேகமாக எல்லாமே 1761-க்குப் பிறகு எழுந்தவை. அந்த ஜனவரியில் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையையும் ஐரோப்பியர் பகுதியையும் இடித்துத் தள்ளினார்கள். 1765-ல் திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் பழைய தெருக்கோடுகளிலேயே மறுபடி கட்டினார்கள். மரக்காணத்துக்கு வடக்கே, கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரைக் கோட்டையும் அதே போரில்தான் இடிபட்டது. அதைக் கட்டியெழுப்ப யாரும் வரவில்லை. இன்றும் கழிமுகத்தோரம் செங்கல் சுவர்களாகக் கிடக்கிறது.

புதுச்சேரியில் அந்த அழிவுக்குத் தப்பி நின்றது ஒரு தமிழர் வீடு. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து, 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அது. பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், அவர் பெயரையே தாங்கிய வீதியில் இருக்கிறது. கீழே நம் பாணியில் மரத்தூண்கள், மேலே பிரெஞ்சுப் பாணி வெள்ளைத் தூண்கள். ஊர் வீழ்ந்த அதே மாதத்தில்தான் பிள்ளையும் காலமானார். ஊரின் பழமையைத் தேடி வருகிறவர்கள் முதலில் நிற்க வேண்டிய வாசல் இதுதான் என்பது என் எண்ணம்.

தமிழர் பகுதித் தெருக்களில் வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். தெருவை ஒட்டி ஓடு வேய்ந்த தாழ்வாரம், அதற்குள்ளே திண்ணை, கதவைத் தாண்டினால் முற்றம். வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்கலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. வாய்க்காலுக்குக் கிழக்கே உயர்ந்த மதிலும் பெரிய கேட்டும்தான் தெருவைப் பார்க்கும். தமிழர் பகுதியிலுள்ள வைசியாள் வீதியில் இன்டாக் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பு, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு வீட்டு முகப்புகளை வரிசையாகச் சீரமைத்தது. அந்த வேலைக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது கிடைத்தது. ஒரே ஒரு மாளிகையை மட்டும் காப்பாற்றாமல் ஒரு தெருவையே காப்பாற்றியதுதான் அதில் எனக்குப் பிடித்தது.

உப்பளத்துப் பக்கத்துக்காரர்களுக்கு இந்த வீடுகளின் நோய் சொல்லாமலே புரியும். கடற்காற்றும் நிலத்து ஈரமும் செங்கல்லுக்குள் உப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. தண்ணீர் வற்றினால் பாத்தியில் உப்பு பூப்பதுபோல், சுவர் காயும்போது அங்கேயும் பூக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு மூச்சுவிடும். ஈரத்தையும் உப்பையும் வெளியே வரவிடும். உதிர்ந்த இடத்தை மறுபடி பூசினால் போதும், சுவருக்குக் கேடில்லை. சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, செங்கல்லையே பொடியாக்குகிறது. பழுது பார்த்ததாக நினைத்து வீட்டைக் கொல்கிறோம். மழைநீரும் இப்படித்தான் சுவருக்குள்ளேயே வேலை செய்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய, மேரி எனப்படும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் ஒரேயடியாகச் சரிந்தது. பழைய உருவத்திலேயே கட்டி 2021-ல் திறந்தார்கள்.

மேரி அரசுக் கட்டடம். திரும்பவும் கட்டப் பணம் வந்தது. வைசியாள் வீதியிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் இருப்பவை குடும்பச் சொத்துக்கள். பாகப்பிரிவினையில் நான்கு பேருக்குப் பங்கு என்றால், இடித்துவிட்டு நான்கு மாடி கட்டுவதுதான் கணக்குக்கு எளிது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்துக் குழைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் கிடைப்பதே பாடு. கிடைத்தாலும் கூலி அதிகம். மரபுக் கட்டடப் பட்டியலில் சேர்த்து இடிக்கக்கூடாது என்று உத்தரவு போட்டால் மட்டும் போதாது. அந்தக் கூலியில் ஒரு பங்கை அரசு ஏற்க வேண்டும், சுண்ணாம்பு வேலையை இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் பட்டறையும் நடத்த வேண்டும். மஞ்சள் சுவரைக் காட்டி வரும் சுற்றுலா வருமானத்திலிருந்தே இதற்கு ஒதுக்கலாம்.