கடைசிப் பாயில் ஓர் ஆசிரியை



சென்ற ஆண்டு சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த நாள்களில், பாகூர் கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர்ப் பள்ளி ஒன்றுக்குப் பிரான்சு நாட்டிலிருந்து ஓர் இளம்பெண் வந்து சேர்ந்தார். ஆசிரியப் பயிற்சி பெறுபவர். அயல்நாட்டுப் பள்ளி ஒன்றில் சில மாதம் ஊதியமின்றித் தொண்டராகத் தங்கி, ஆசிரியர்களுடன் நிழல்போல் இருந்து பார்த்துச் செல்ல வந்தவர். அவர் வருமுன்பே நாம் ஒரு தவறு செய்துவிட்டோம். ஞாயிறு பூசை முடிவில், 'வெளிநாட்டு டீச்சர் வருகிறார். மாலையில் ஆங்கில வகுப்பு நடத்துவார்' என்று அவரைக் கேளாமலே அறிவித்துவிட்டோம். மறுநாளே பள்ளி வாசலில் பெற்றோர் கூட்டம். பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற சொல்தா தாத்தா ஒருவர் மட்டும், "அந்தப் பொண்ணுக்கும் இங்கிலீஷ் இரவல் பாஷைதானே சாமி!" என்று சிரித்தார்.

வந்தவரோ வகுப்பில் வாய் திறக்கவில்லை. மூன்றாம் வகுப்பின் கடைசிப் பாயில் பிள்ளைகளோடு பிள்ளையாகச் சம்மணமிட்டு அமர்ந்தார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம், அவ்வளவே. ஒரு வாரம் இவ்வாறு சென்றதும் ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. "இதற்காகவா கடல் தாண்டி வந்தார்?" என்று தலைமை ஆசிரியை அம்மாளே நம்மிடம் வந்து முறையிட்டார். நாமும் அப்பெண்ணை அழைத்து, சற்றுக் கடுமையாகவே கேட்டோம். "எனக்கு இங்கே இன்னும் ஒன்றும் தெரியாது, ஃபாதர். பார்க்கத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள்" என்றார். குருமட மாணவராயிருந்த காலத்தில், விடுமுறை தோறும் நாமும் பங்குக்குருவின் பின்னே பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நடந்தவர்தாமே! அது நமக்கு மறந்துபோயிருந்தது.

இரண்டாம் வாரத்தில் அவர் வகுப்பாசிரியையிடம் தயங்கித் தயங்கி ஒரு செய்தி சொன்னார். கிழக்குச் சன்னலிலிருந்து காலை வெயில் கரும்பலகையில் நேராக விழுகிறது. கடைசிப் பாயின் வடகோடியில் இருப்பவர்களுக்கு எழுத்து எதுவும் தெரிவதில்லை, வெறும் பளபளப்பே தெரிகிறது என்றார். அங்கே உட்காரும் சிறுவன், 'கவனமில்லாதவன், படிப்பு ஏறாதவன்' என்று நாள்தோறும் வசவு வாங்கியவன். ஆசிரியைக்கு முதலில் கோபம். பல ஆண்டுகளாகத் தாம் நின்று கற்பிக்கும் அறையைப் பற்றி நேற்று வந்தவர் சொல்வதா? பிள்ளைகள் வீடு சென்றபின் அவர் தம்மிடம் இருந்த சாவியால் அறையைத் திறந்து அந்தப் பாயில் அமர்ந்து பார்த்திருக்கிறார். மாலையில் வெயில் இல்லை. மறுநாள் காலை மணியடிக்குமுன் மீண்டும் வந்து அமர்ந்தார். பிறகு நம்மிடம் வந்து, "அந்த இடத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை, ஃபாதர்" என்றார், கண் கலங்கியிருந்தது. அவருடைய இந்த நேர்மையை நாம் மிகவும் மதிக்கிறோம்.

தூர தேசத்தார் நம் நாட்டுப் பள்ளியைப் பார்த்துக் கற்றுச் சென்றது புதிதன்று. 1623இல் இத்தாலியக் கத்தோலிக்கப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே, கர்நாடகத்தில் ஒரு கோவில் முகப்பில் நான்கு சிறுவர் தரையில் மணல் பரப்பி, பாடத்தை இசையாகச் சொல்லி எழுதிக் கணக்குப் பயில்வதைக் கண்டார். பாடம் மறந்தால் யார் திருத்துவார் என்று வினவினார். ஒருவருக்கு மறந்தால் மற்றவர் சொல்லித் தருவோம் என்று அவர்கள் விடையளித்ததை எழுதி வைத்தார்.

பின்னர் 1789இல் ஆங்கிலிக்கன் குருவாகிய ஆண்ட்ரூ பெல் சென்னையில் ஆண் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பை ஊதியம் வேண்டாமென்று ஏற்றார். ஒரு நாள் காலை குதிரைமேல் செல்கையில், தமிழ்த் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தம் இல்லத்திலும் அவ்வாறே செய்யுமாறு பணித்தார், ஆசிரியர்கள் இணங்கவில்லை. எனவே ஃப்ரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனையே அரிச்சுவடி வகுப்புக்குச் சட்டாம்பிள்ளையாக்கினார். 1796இல் தாயகம் புறப்பட்டு, மறு ஆண்டே இதை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரால் இது இங்கிலாந்தெங்கும் பரவி, 1832இல் அவர் இறக்கும்போது 12,000க்கும் மேற்பட்ட பள்ளிகளில் நடைமுறையில் இருந்தது. நம் திண்ணைக்கு எத்துணைப் பெருமை!

ஆயினும் நமக்கு ஒரு குறை உண்டு. அவர் கண்டது குதிரைமேலிருந்து. மணலையும் சட்டாம்பிள்ளையையும் கப்பலேற்றினார். திண்ணை வாத்தியார் பிள்ளைகளின் வீட்டு நிலையை அறிந்து வைத்திருந்த பாங்கு கப்பலேறவில்லை. அங்கே ஒரே ஆசிரியரின்கீழ் நூற்றுக்கணக்கான சிறுவர் பெரிய கூடங்களில் மனப்பாடம் செய்தனர். இறங்கி வந்து ஒரு மாதம் அத்திண்ணையில் அவர் அமர்ந்திருந்தால் என்னென்ன கண்டிருப்பாரோ!

1939இல் தம் 69ஆம் வயதில் சென்னை அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார் இதை நன்கறிந்தவர். குறுக்கிடாமல் குழந்தையைக் கவனித்தலையே அக்கத்தோலிக்கப் பெண்மணி ஆசிரியருக்கு முதற்பாடமாக வைத்தார். போர் மூண்டதால் 1946வரை இந்நாட்டிலேயே தங்க நேர்ந்து, கொடைக்கானலிலும் பணியைத் தொடர்ந்தார்.

பாகூரார் இதில் தனியே பெருமை கொள்ளலாம். 9ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூரிலிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. அத்தகைய ஊரில் ஒருவர் பார்த்துக் கற்க வந்தால், 'சும்மா உட்கார்ந்திருக்கிறாரே' என்று நாம் குறைப்பட்டோம்!

அப்பெண்ணின் நோட்டில் இன்னொன்றும் இருந்தது. மதிய உணவில் கிடைக்கும் முட்டையை ஒரு சிறுமி உண்ணாமல் பாவாடை மடிப்பில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறாள், தம்பிக்காம். இது நம் பங்கில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அக்குடும்பத்தை இப்போது வின்சென்ட் தே பவுல் சபையார் சென்று கண்டு வருகின்றனர்.

கரும்பலகையைத் தெற்குச் சுவருக்கு மாற்றியாயிற்று. பழைய ஆணித் துளைகள் மட்டும் சுவரில் இருக்கின்றன. அச்சிறுவன் முதல் மாணவனாகிவிட்டான் என்று சொல்வதற்கில்லை. கணக்கில் இன்னும் தடுமாறுகிறான். ஆனால் எழுதுகிறான்.

கடைசி மூன்று வாரம் அவர் ஆங்கிலப் பாட்டுகள் சொல்லித் தந்தார், பெற்றோருக்கு ஆறுதல். இவ்வாண்டு வேறொருவர் வருவதாகக் கடிதம் வந்திருக்கிறது. முதல் மாதத்தில் ஆங்கில வகுப்புக் கேட்டு எவரும் அவரிடம் செல்லவேண்டாமென்று இப்போதே கேட்டுக்கொள்கிறோம். அவருக்கு நாற்காலி ஒன்று வாங்கட்டுமா என்று தலைமை ஆசிரியை அம்மாள் வினவினார். பாய் போதும் என்றோம்.