குறியேற்றத் தரமும் அதனைச் சரிபார்க்கும் கடமையும்

தமிழ்க் கணிமை வரலாற்றில் குறியேற்றத் தரங்களை உருவாக்குவதற்குச் செலவிடப்பட்ட உழைப்பு, மென்பொருள்கள் அத்தரங்களைப் பின்பற்றுகின்றனவா எனச் சரிபார்ப்பதற்குச் செலவிடப்படவில்லை. 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் 99 மாநாட்டின் வழியாக டாம், டாப் குறியேற்றங்கள் தரம் பெற்றன. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், அதனைக் கையாள இயலாத இடங்களுக்கு டேஸ் 16-ஐயும் தரங்களாக அறிவித்தது. அறிவிப்போடு பணி நிறைவுற்றதாகக் கருதும் போக்கு, ஆய்வுத் தரவுகளின் நம்பகத்தன்மையைக் குலைக்கிறது.

காஞ்சிபுரத்தை அடுத்துப் பாலாற்றங்கரையில் அமைந்த செவிலிமேடு என்னும் ஊரின் பெயரே இதற்குத் தக்க சான்றாகும். இலக்கண நோக்கில் அது ஐந்து எழுத்து. ஒருங்குறியில் பத்துக் குறியெண். டேஸ் 16-இல் ஐந்து. டாப், டிஸ்கி முதலிய பழைய குறியேற்றங்களில் எகர ஏகாரக் குறிகள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் மெய்க்கு முன்னர்ச் சேமிக்கப்பட்டன. ஒருங்குறியில் அவை மெய்க்குப் பின்னர் வருவன. இவ்விடமாற்றத்தைச் செய்யத் தவறும் மாற்றி, ‘செ’, ‘மே’ இரண்டையும் சிதைக்கும்.

இப்பிழை கண்ணில் படும். கண்ணில் படாத பிழையே பெரிது. ‘கோயில்’ என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறித் தரம் இவற்றை நிகரெனக் கொள்கிறது. இயல்பாக்கம் செய்யாத தேடுபொறியோ ஒன்றை மட்டும் காட்டி மற்றதை விட்டுவிடும். அத்தகைய தேடலிலிருந்து பெறப்படும் சொல்லடைவும் சொல் எண்ணிக்கையும் பிழையானவை. அகர வரிசையிலும் இதே இடர் உண்டு: குறியெண் வரிசையில் னகரம் பகரத்துக்கு முன் நிற்பதால், ‘அனல்’ ‘அப்பம்’ என்பதற்கு முன் வந்துவிடும்.

கல்வெட்டுத் தரவில் சிக்கல் மேலும் கூர்மையானது. பழங்கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை. ‘மேடு’ என முடியும் பெயர் ‘மெடு’ என்றே கல்லில் காணப்படலாம். கல்லில் உள்ள வடிவத்தையும் பதிப்பாசிரியர் கொண்ட வடிவத்தையும் தனித்தனியே பேணாத மென்பொருள், தரத்துக்கு முற்றும் இணங்கியதாயினும் ஆய்வுக்குத் தகாது.

குறியேற்றத்தையே மாற்றினால் இவை தீரும் என்பது ஒரு சாரார் கருத்து. எழுத்துக்கு ஒரு குறியெண் என்னும் அமைப்பு சில இடர்களைக் குறைக்கும் என்பது மெய்யே. எனினும் மாற்றியின் பிழையையும் பதிப்பு நெறியின் குறையையும் எந்தக் குறியேற்றமும் தானே நீக்காது. சரிபார்ப்பு பொறியாளரின் பணி மட்டுமே என்பதும் பொருந்தாது. எது எழுத்து, எது முறைவைப்பு என்பன நன்னூல் முதலிய இலக்கணங்கள் வரையறுக்கும் செய்திகள். சோதனைக்கான சொற்களைத் தெரிவு செய்யும் தகுதி தமிழாய்வாளர்க்கே உண்டு.

ஆகவே தமிழ்த்துறைகள் பொதுவானதொரு சோதனைத் தொகுப்பை உருவாக்குதல் வேண்டும். இருவழி மாற்றத்தில் பாடம் மாறாமை, நிகர் வடிவங்கள் ஒருங்கே தேடலில் கிட்டுதல், தமிழ் அகர வரிசை, கல்வெட்டு வடிவம் பேணப்படுதல் ஆகிய நான்கும் அதில் இடம்பெற வேண்டும். தரவின் அடிப்படையில் முடிவு கூறும் கட்டுரைகள் இச்சோதனையின் விளைவையும் உடன் அளிக்க வேண்டும் என ஆய்விதழ்கள் விதிப்பது தகும். மூலபாடத்தைச் சரிபாராது மேற்கோள் காட்டுவதைக் குற்றமெனக் கொள்ளும் ஆய்வுலகம், மின்பாடத்துக்கு மட்டும் விலக்களிக்க நியாயமில்லை.