முழங்கை உடைஞ்ச அம்மாவுக்கு இம்போர்டட் பிளேட்டா? ஒரு த்ரெட்

1/ வடபழனியிலிருந்து ஒரு மகன் வந்தார். 71 வயது அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து, முழங்கை நுனி எலும்பு ரெண்டா விலகிடுச்சு. ஒரு தனியார் மருத்துவமனையின் எஸ்டிமேட்டைக் கையில் வெச்சுக்கிட்டு கேட்டார்: "நகையை அடகு வைக்கப் போறேன் டாக்டர். இம்போர்டட் பிளேட் போட்டாத்தான் கை சரியாகுமா?"

2/ நான் ஆர்த்தோ இல்லைங்க. அரசு மருத்துவமனையில எம்.பி.பி.எஸ். டூட்டி டாக்டர். ஆனா இந்தக் கேள்வி அடிக்கடி வருது. என் கருத்து இதுதான்: செலவு குறைஞ்ச சிகிச்சைன்னா மட்டமான சிகிச்சை இல்லை. தேவையானதை மட்டும், சரியான நேரத்துல செய்யறது.

3/ முழங்கை நுனியிலதான் ட்ரைசெப்ஸ் தசை வந்து பிடிக்குது. எலும்பு உடைஞ்சா அந்தத் துண்டைத் தசை மேலே இழுத்துடும். ரெண்டே துண்டுன்னா ரெண்டு கம்பி, எட்டு வடிவத்துல ஒரு ஒயர். டென்ஷன் பேண்ட் ஒயரிங்னு பேரு. பழைய முறை, பிளேட்டைவிட ரொம்ப மலிவு, பலருக்கு இதுவே போதும்.

4/ அப்போ பிளேட் ஏமாத்து வேலையா? இல்லை. எலும்பு நொறுங்கியிருந்தா பிளேட் வேணும். ஆஸ்டியோபோரோசிஸ் வந்த எலும்புல சாதா ஸ்க்ரூ பிடிக்காம கழண்டு வரும். லாக்கிங் பிளேட்ல ஸ்க்ரூ பிளேட்டோடயே பூட்டிக்கும். மேல்கை எலும்பின் கீழ்முனை மூட்டுக்குள்ள உடைஞ்சா பெரும்பாலும் ரெண்டு பிளேட், சிலருக்கு செயற்கை மூட்டு.

5/ சிலருக்கு ஆபரேஷனே வேண்டாம். முழங்கை நுனி உடைஞ்ச 75 வயசு தாண்டினவங்ககிட்ட எடின்பரோவில் நடந்த சின்ன ஆய்வு 2017-ல் வெளியானது. ஆபரேஷன் செஞ்ச 11 பேர்ல 9 பேருக்குச் சிக்கல். ஆய்வையே பாதியில நிறுத்தினாங்க. ஒரு வருஷம் கழிச்சு கையின் பயன்பாட்டுல ரெண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை.

6/ எலும்பு வெளியே தெரிஞ்சாலோ, விரல் மரத்துப்போனாலோ, சில்லுன்னு ஆனாலோ யோசிக்காம உடனே கிளம்புங்க. நாட்டுக் கட்டு போட்டு வாரக்கணக்கா வைக்காதீங்க. முழங்கை சீக்கிரம் இறுகிப்போற மூட்டு.

7/ கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை அரசு மருத்துவமனைகளில் எலும்பு முறிவுப் பிரிவு இருக்கு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்கி வையுங்க. அப்புறம் பயிற்சிக்கு, வடபழனிக்காரங்களுக்குப் பக்கத்துலயே கே.கே.நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை.

8/ யாரும் கேட்காத செலவு ஒண்ணு இருக்கு. நின்ன இடத்துல விழுந்தே எலும்பு உடையுதுன்னா, அடுத்தது இடுப்பு எலும்பு. டெக்சா ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி, வாரம் ஒரு மாத்திரை இல்லைன்னா வருஷம் ஒரு ஊசி. கிட்னி, பல் பார்த்துட்டு டாக்டர் முடிவு பண்ணுவார். பாத்ரூம்ல ஒரு கைப்பிடியும் மாட்டுங்க.

9/ கையெழுத்து போடறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க: ஆபரேஷன் அவசியமா? ஒயர் போதாதா, ஏன்? எந்த நாள்ல கையை மடக்கலாம்? எலும்புக்கு மருந்து எப்போ? நல்ல டாக்டர் யாரும் கோபப்பட மாட்டாங்க.

10/ அந்த அம்மாவுக்கு அரசு மருத்துவமனையில ஒயர்தான் போட்டாங்க. மூணாவது மாசம் செக்கப்புக்கு வந்தப்போ, "நானே தலை பின்னிக்கிட்டேன் தம்பி"ன்னாங்க. நகை அடகுக்குப் போகலை.