பழைய சாவி, புதிய பூட்டு

லினக்ஸ் கம்ப்யூட்டரில் திறந்திருக்கும் ஜன்னல்களை ஒரே கட்டளையில் வரிசைப்படுத்தப் பலரும் நம்பியிருந்த கருவி டபிள்யூஎம்சிடிஆர்எல். புதிய திரையில் அது திணறுகிறது.

1984-ல் எம்.ஐ.டி.யில் பிறந்த எக்ஸ் விண்டோ முறையில் ஒரு புரோகிராம் மற்றதன் ஜன்னலை நகர்த்தலாம். தட்டப்படும் எழுத்துகளை வேவு பார்க்கவும் செய்யலாம். 2008-ல் தொடங்கிய வேலண்ட் இந்தக் கதவை அடைத்தது. அடுத்த ஜன்னல் எங்கே இருக்கிறது என்பதே புரோகிராமுக்குத் தெரியாது.

எக்ஸ்வேலண்ட் என்ற பாலம் உண்டு. ஆனால் அதன் வழியே வரும் ஜன்னல்கள் மட்டுமே பழைய கருவியின் கண்ணில் படும். மாற்று வழியோ க்னோமில் ஒன்று, கேடிஇயில் இன்னொன்று.

திருடனுக்குப் போட்ட பூட்டுதான். மவுஸ் பிடிக்க முடியாமல் இத்தகைய கருவிகளை நம்பியிருப்பவரும் வெளியே நிற்கிறார்.