கர்ப்பிணியின் பயம் சங்கத்தின் வேலை இல்லையா?



அண்மையில் நடந்த கமிட்டிக் கூட்டத்தில் நான் ஒரு கோரிக்கை வைத்தேன். கர்ப்பிணிப் பெண்களுக்கு வரும் மனப்பதற்றத்துக்குச் சிகிச்சை கிடைக்கச் சங்கம் குரல் கொடுக்க வேண்டும் என்றேன். மூத்த தலைவர் ஒருவர் சிரித்துவிட்டார். "டீச்சர், வயித்துல புள்ள இருந்தா பயம் வரத்தான் செய்யும். நம்ம பாட்டிமாருக்கெல்லாம் டொக்டரா இருந்தாங்க? சங்கம் சம்பளத்தப் பேசட்டும்" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள், பெண்களும்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தலைவர் மீது எனக்கு மரியாதை உண்டு. எங்கள் பிள்ளைக் காம்பராவுக்குத் தண்ணீர்க் குழாய் வாங்கித் தந்தவர் அவர். ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொன்னது பிழை.

என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் கதையைக் கேளுங்கள். அவள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். சாதாரண தரம் எழுதிவிட்டு வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடைக்கு வேலைக்குப் போனவள். கல்யாணத்துக்குப் பிறகு கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறையில் புருஷனோடு குடியிருந்தாள். முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் தவறிவிட்டது. இரண்டாவது தரித்து ஐந்தாம் மாதம் நடந்தபோது இரவில் தூக்கமே இல்லை. நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். புறக்கோட்டையில் பஸ் மாறும்போது மூச்சு நிற்பதுபோல் இருக்கும். பல நாள் பாதி வழியில் இறங்கி ரோட்டோரம் நின்றிருக்கிறாள். ஊரிலிருந்து அம்மா வந்து நூல் கட்டினாள். கடைக்காரரோ, "பிள்ளை பிறந்த பிறகு பார்ப்போம், இனி வர வேண்டாம்" என்றார்.

ஒரு நாள் ராத்திரி எனக்குப் போன் எடுத்து, "டீச்சர், எனக்குப் பைத்தியம் புடிக்குதா?" என்று கேட்டாள்.

பாடசாலை விடுமுறை வந்ததும் கொழும்புக்குப் போய் அவளைக் கிளினிக்குக் கூட்டிப்போனேன். எடை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், எல்லாம் அட்டையில் ஏறியது. கடைசியாகத் தாதி சிங்களத்தில் ஏதாவது கரைச்சலா என்று கேட்டார். இவள் இல்லை என்று தலையசைத்தாள். கடையில் விலையும் சைஸும் சொல்லும் சிங்களம் அவளுக்கு நன்றாக வரும். "இந்தப் பிள்ளையும் செத்துவிடும் என்று ஒரு நாளைக்கு நூறு தடவை தோன்றுகிறது" என்று சொல்லும் சிங்களம் அவளுக்கு வராது. நான் பக்கத்தில் இருந்ததால் அதை எடுத்துச் சொன்னேன். அன்றைக்கே மனநல டொக்டரிடம் அனுப்பினார்கள். நான் இல்லாவிட்டால் அட்டையில் "பிரச்சினை இல்லை" என்றுதான் எழுதியிருப்பார்கள்.

பாட்டிமாருக்கு டொக்டர் இருக்கவில்லை என்பது உண்மை. அதனால் அவர்கள் என்னென்ன இழந்தார்கள் என்று லயத்துக்கு லயம் போய்க் கேளுங்கள். பாட்டிமார் தாங்கிக்கொண்டதையெல்லாம் பேத்திமாரும் தாங்க வேண்டுமென்றால் நமக்குச் சங்கமே தேவையில்லையே!

பயம் எல்லாக் கர்ப்பிணிக்கும் வரும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கத்தையும் சாப்பாட்டையும் வேலையையும் கெடுக்கும் பயம் நோய். அது கோழைத்தனமோ காற்றுக் கருப்போ கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வளர்ந்துவரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 15.6 வீதமானோருக்கும், பிள்ளை பெற்ற தாய்மாரில் 19.8 வீதமானோருக்கும் மனநோய் ஏதாவது இருக்கிறது. நூறு கர்ப்பிணிகளை எடுத்தால் பதினைந்து பேருக்கு மேல். இத்தனை பேருக்குக் கால் முறிந்தால் சங்கம் சும்மா இருக்குமா?

இதற்குச் சிகிச்சை உண்டு. முதலில் இரத்தம் பார்ப்பார்கள். இரத்தசோகையும் தைரொயிட் கோளாறும் இதேபோன்ற படபடப்பைத் தரும். அடுத்தது பேச்சுச் சிகிச்சை. பயத்தைக் கிளப்பும் எண்ணத்தைப் பிடித்து, அது எவ்வளவு உண்மை என்று படிப்படியாகப் பார்க்கக் கற்றுக்கொடுப்பார்கள். அது போதாதவர்களுக்கு மருந்து உண்டு. கர்ப்பகாலத்தில் டொக்டரின் கண்காணிப்பில் எடுக்கக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன, வல்ப்ரோயேட் போலப் பிள்ளைக்குக் கேடு செய்யும் மருந்துகளும் இருக்கின்றன. ஆகவே நீங்களாக எதையும் வாங்கி விழுங்காதீர்கள். ஏற்கெனவே எடுக்கும் மருந்தை மாமியார் சொன்னார் என்று திடீரென நிறுத்தவும் வேண்டாம்.

பெரிய டொக்டர்மார் மலைக்கு வரமாட்டார்கள் என்று கம்பனிகள் சொல்லும். அதற்கும் பதில் இருக்கிறது. பாகிஸ்தானில் ராவல்பிண்டி அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் பதற்றம் இருந்த 755 கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவு 2024இல் வந்தது. ஒரு பகுதியினருக்கு ஆறு தடவை பேச்சுச் சிகிச்சை. கொடுத்தவர்கள் உளவியல் படித்த, ஆனால் நோயாளிகளைப் பார்த்துப் பழக்கமில்லாத பட்டதாரிகள். பிரசவமாகி ஆறு வாரத்தில் பார்த்தபோது, கடுமையான அல்லது நடுத்தரமான பதற்றம் இருந்தவர்கள் அந்தப் பகுதியில் 9 வீதம், மற்றப் பகுதியில் 27 வீதம். நம் லயங்களிலேயே படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களைப் பயிற்றுவிக்க என்ன தடை?

இனிச் சம்பளத்துக்கு வருவோம், தலைவரே. கிளினிக்குப் போன நாளுக்குப் பேர் விழாவிட்டால் எந்தப் பெண் போவாள்? கர்ப்பத்தைக் காட்டி வேலையை விட்டு நிறுத்துவது சட்டப்படி குற்றம். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி அந்தப் புடவைக் கடைப் பிள்ளைக்கு 84 நாள் பிரசவ லீவு உண்டு. முன்பு மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள்தான். 2018இல் சட்டத்தைத் திருத்தி எல்லாப் பிள்ளைக்கும் 84 ஆக்கினார்கள். தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கலாம் என்று அவளுக்குத் தெரியாது. நாங்களும் சொல்லிக் கொடுத்ததில்லை. தோட்டத்தை விட்டு இறங்கியதும் நம் பிள்ளைகளைச் சங்கமும் கைவிட்டுவிடுகிறது. வெள்ளவத்தைக் கடைகளிலும் வீடுகளிலும், கொட்டாஞ்சேனைச் சந்துகளிலும் இருப்பவர்கள் யார்? நம் பிள்ளைகள்தானே!

ஆகவே கமிட்டியில் மறுபடியும் நான் வைக்கப்போகும் கோரிக்கைகள் இவை:

ஒன்று: கர்ப்பிணி கிளினிக்குக்கும் மனநலச் சிகிச்சைக்கும் போகும் நாளுக்கு முழுப் பேர். அடுத்த பேச்சுவார்த்தையில் இதையும் மேசையில் வைக்க வேண்டும்.

இரண்டு: எடை, பிரஷரோடு மனநிலையையும் தமிழில் கேட்க வேண்டும். 1987இல் உருவான எடின்பரோ வினாக்கொத்தில் பத்தே கேள்விகள். பிரசவித்த தாய்மாருக்காக வந்தாலும் கர்ப்பகாலத்திலும் உலகெங்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். காரணமில்லாமல் பயந்தீர்களா, பதறினீர்களா என்றும் அதில் கேள்வி உண்டு. பத்து நிமிடம்கூட ஆகாது.

மூன்று: நம் கொழும்புக் காரியாலயத்தில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பெண்களைப் பதிய ஒரு பெண் அமைப்பாளர். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவதும், முறைப்பாடு எழுதிக் கொடுப்பதும் அவர் வேலை.

கோரிக்கை வெல்லும்வரை காத்திருக்க வேண்டாம், சகோதரிகளே. இப்படிப் பயம் இருந்தால் மிட்வைஃபிடம் இன்றே சொல்லுங்கள். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குக் களுபோவில ஆஸ்பத்திரி பக்கம். கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்குத் தேசிய வைத்தியசாலை இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் போன் எடுக்கலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்காதீர்கள். சொல்ல மொழி வராவிட்டால் வருகிற ஒருவரைக் கூட்டிப்போங்கள். புருஷன்மாரே, பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள் நீங்கள்தான். நூல் கட்டுவதென்றால் கட்டுங்கள், கட்டிய கையோடு கிளினிக்குக்கும் கூட்டிப்போங்கள்.

என் மாணவி இரண்டு மாதம் பேச்சுச் சிகிச்சைக்குப் போனாள். மருந்தும் எடுத்தாள். பயம் அடியோடு போய்விடவில்லை, ஆனால் தூங்கினாள், பஸ்ஸில் ஏறினாள். பெண் பிள்ளை பிறந்து இப்போது தவழ்கிறது. கடை வேலை இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. டொக்டர் செய்ய வேண்டியதை டொக்டர் செய்துவிட்டார். மிச்சம் இருப்பது சங்கத்தின் வேலை.

— தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர், சங்க அமைப்பாளர்