பல்கலைக்கழகத்துக்கு வந்த கணக்குப்பிள்ளை!

புதுக்கோட்டை மாவட்டத்தில், திருமயம் பக்கம் உள்ள ஊர் அரிமளம். நகரத்தார் ஊர்களில் அதுவும் ஒன்று. அங்கிருந்து கானாடுகாத்தான் அதிக தூரம் இல்லை. அந்தக் கானாடுகாத்தானில் பிறந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார்தான் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை உண்டாக்கினார். ஆண்டு 1929. அதற்காக அவர் கொடுத்த தொகை 20 லட்சம் ரூபாய். ஒரு பவுன் இருபது ரூபாய்க்கும் குறைவாக விற்ற காலம் அது!

அப்படிப் பிறந்த பல்கலைக்கழகத்தில் 2012 நவம்பரில் ஒரு செய்தி இடி போல விழுந்தது.

"சம்பளம் கொடுக்கப் பணம் போதவில்லை!"

சம்பளம் குறையும், வேலையும் போகும் என்ற பேச்சு பரவியது. ஆசிரியர்களும் ஊழியர்களும் போராட்டத்தில் குதித்தார்கள். வகுப்புகள் நின்றன. பணம் கட்டிப் பிள்ளையை அனுப்பிய பெற்றோர், பரீட்சை நடக்குமா நடக்காதா என்று தவித்தார்கள்.

தமிழக சர்க்கார் கணக்குகளைத் தணிக்கை செய்தது. நிதி நிர்வாகம் சீர்குலைந்துவிட்டது என்று கூறியது. 2013 ஏப்ரலில் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவரைப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகியாக நியமித்தது. அவர் பெயர் சிவ்தாஸ் மீனா. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2023-ல், தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் ஆனாரே, அவரேதான்.

பாடம் நடத்த வந்தவர் அல்ல அவர். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, யார் கையெழுத்தில் பணம் போகிறது, நாளைக்கு என்ன ஆபத்து வரக்கூடும் என்று பார்க்க வந்தவர்.

பணம் எங்கே போயிற்று?

பல்கலைக்கழகத்தில் அப்போது வேலை பார்த்தவர்கள் 12 ஆயிரத்துக்கு மேல். ஒரு சின்ன ஊரின் ஜனத்தொகை! தேவைக்கு மேல் ஆட்களைச் சேர்த்திருந்தார்கள். வேலைக்கு எடுத்துவிட்டால் மாதா மாதம் சம்பளம் தர வேண்டும். சம்பள விகிதம் உயர்ந்தால் அதையும் தர வேண்டும். செலவு தானாக வளரும். வரவு அப்படி வளருமா? 1979-ல் தொடங்கிய அஞ்சல் வழிக் கல்வி பெரிய வருமானத்தைத் தந்தது. ஆனால் அது ஆண்டுதோறும் மாணவர் சேருவதைப் பொறுத்த வருமானம். அதை நம்பி ஆயிரக் கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட முடியுமா?

இன்னொரு விஷயமும் உண்டு. 1928-ம் ஆண்டுச் சட்டப்படி, ஸ்தாபகரும் அவருக்குப் பின் அவர் வாரிசும் இணைவேந்தர். துணைவேந்தர் பதவிக்கு மூன்று பெயர்களை எழுதிக் கொடுப்பதும் அவர்களே. அதிலிருந்து ஒருவரைத்தான் வேந்தர் நியமிக்கலாம். கொடுத்தவருக்கு மரியாதை செய்த ஏற்பாடு அது. தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் பின்னாளில் சர்க்காரின் மானியம் வந்தது, லட்சக் கணக்கான மாணவர்களின் கட்டணம் வந்தது. ஊரார் பணம் சேர்ந்த பிறகும் பழைய ஏற்பாடே நீடித்தது. கேள்வி கேட்க வெளியார் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை! இப்படிக் கேள்வி கேட்கும் முறையை உலகுக்குக் காட்டியவர்களே நகரத்தார்கள்தான். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் அவர்கள் கடை வைத்திருந்தார்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடையை ஏஜெண்டு நடத்துவார். ஏஜெண்டுக்குத் தவணை பொதுவாக மூன்று ஆண்டு. அதற்கு மேல் ஒருவரே உட்கார முடியாது. அடுத்தவர் வந்து கணக்கை ஒப்புக்கொள்வார். ஐந்தொகை எழுதி ஊருக்கு அனுப்ப வேண்டும். முதலாளி கடல் கடந்து போகாமலே கடையின் நாடி பிடித்துப் பார்த்துவிடுவார். அரிமளத்துப் பெரிய வீடுகளில் இதைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். கடைக்கு இருந்த இந்தக் காவல் கல்விச் சாலைக்கு இல்லாமல் போயிற்று.

2013-லேயே சட்டசபையில் புதுச் சட்டம் நிறைவேறியது. பல்கலைக்கழகம் முழுக்க சர்க்கார் வசம் வந்தது. உபரியாக இருந்த ஆசிரியர்களையும் ஊழியர்களையும் பின்னர் சர்க்கார் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் அலுவலகங்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள். வேலை போகவில்லை, அது பெரிய ஆறுதல். ஆனால் சிதம்பரத்தில் வீடு கட்டிக் குடியிருந்தவர் வேறு மாவட்டத்துக்கு மூட்டை கட்ட வேண்டியிருந்தது. பாரத்தைப் பொதுக் கஜானாவும் சுமந்தது. நிர்வாகி பத்து ஆண்டு முன்னதாக வந்திருந்தால் இவ்வளவு தொல்லை ஏன்?

சர்க்கார் கைக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்கக் கூடாது. சென்னைப் பல்கலைக்கழகம் தொடக்கம் முதலே பொதுப் பல்கலைக்கழகம்தான். வரி பாக்கி சுமார் 424 கோடி ரூபாய் என்று சொல்லி, 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது! அப்போது அங்கே துணைவேந்தரே கிடையாது. 2023 ஆகஸ்டிலிருந்து அந்த நாற்காலி காலி. ஒரு குழுதான் நிர்வாகத்தைக் கவனித்தது.

சீமையிலும் இதே கதைதான். ஸ்காட்லாந்தில் டண்டீ பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே 2024-ல் சுமார் 3 கோடி பவுண்டு பற்றாக்குறை என்று தெரிய வந்தது. தலைவர் டிசம்பரில் ராஜினாமா செய்தார். 2025 ஜூனில் விசாரணை அறிக்கை வெளியாயிற்று. நிர்வாகமும் சரியில்லை, மேற்பார்வையும் சரியில்லை என்று அது சொன்னது. ஆபத்தைக் கவனிக்கக் குழுக்கள் அங்கே இல்லாமல் இல்லை. ஆனாலும் அபாயம் வாசலுக்கு வரும் வரை மணி அடிக்கவில்லை. ஆளை நியமித்தால் மட்டும் போதுமா? அவர் 'கூடாது' என்று சொன்னால் மேலே இருப்பவர் கேட்க வேண்டுமே!

அரிமளத்துப் பிள்ளைகள் பட்டம் படிக்கப் புதுக்கோட்டைக்குப் போகிறார்கள். அங்குள்ள மன்னர் கல்லூரியின் பட்டம் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பெயரில் வருகிறது. அந்தப் பெயருக்கு மதிப்பு இருந்தால்தான் பட்டத்துக்கு மதிப்பு. ஆண்டுக் கணக்கு எப்போது வெளியாயிற்று, தணிக்கையாளர் என்ன ஆட்சேபம் எழுப்பினார், அதற்கு என்ன பதில் வந்தது என்று கேட்பது படித்தவர்கள் வேலை மட்டும் அல்ல. கட்டணம் கட்டுகிற தாய் தகப்பனும் கேட்கலாம்.

கேட்டுப் பலன் கண்டவர்களும் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சர்க்கார் வசம் வந்த பிறகும், அதன் மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்கினார்கள். மற்ற சர்க்கார் மருத்துவக் கல்லூரிகளில் அப்போது சுமார் 13 ஆயிரம்தான். "சர்க்கார் கல்லூரிக்கு ஏன் இந்தக் கட்டணம்?" என்று மாணவர்கள் 2020 டிசம்பரில் உட்கார்ந்துவிட்டார்கள். ஐம்பது நாட்களுக்கு மேல் எழுந்திருக்கவில்லை. 2021-ல் அந்தக் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறியது. கட்டணமும் மற்ற சர்க்கார் கல்லூரிகளின் அளவுக்கு இறங்கியது.